கொத்தமல்லியின் ஆடு

காட்டுக்குள் போய்ப் பத்துப் பன்றிகளை வெட்டி, இறைச்சியை எடுத்துவந்து சத்திரக்காரனிடம் கொடுக்க வேண்டும். போனில் ஆடுகிற அந்த விளையாட்டுக்குள் புதிதாக வருகிற எல்லாருக்கும் கிடைக்கிற முதல் வேலை அதுதான். நற்பிட்டிமுனை நபீஸா அதைச் செய்ய மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வெட்டுவதையாவது பொறுத்துக்கொள்ளலாம், வயலை நாசமாக்குகிற சனியன்தானே. ஆனால் இறைச்சியை எடுத்துப் பைக்குள் போடு என்றால் எப்படி? அதே பைக்குள்தான் விளையாட்டுக்காரர்கள் முதல் நாளே இலவசமாகக் கொடுத்த ரொட்டி ஐந்தும் கிடந்தன. போன் கண்ணாடிக்குள் கிடக்கிற ரொட்டியை யாரும் தின்னப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் ரொட்டி ரொட்டிதான், பன்றி பன்றிதான்.

ஆகவே கூட வந்தவர்களெல்லாம் கோட்டை, மலை, கடல் என்று எங்கெங்கோ போய்விட்டார்கள். நபீஸா மட்டும் முதல் ஊரின் கிணற்றடியைச் சுற்றிப் பச்சிலை பறித்துக்கொண்டு இரண்டாம் லெவலில் நின்றாள்.

நாற்பத்தெட்டு வயதில் இந்தக் கூத்து எதற்கு என்று கேட்பீர்கள். மருமகனுக்காகத்தான்.

மருமகன் பெயர் பஸால். சாய்ந்தமருதில் கரைவலை இழுத்து மீன் பிடிக்கிற ஒருவரின் மகன். கல்முனையில் நீர்ப்பாசன அலுவலகம் ஒன்றில் வாய்க்கால்களுக்குப் படம் வரைகிற வேலை. நபீஸாவின் ஒரே மகள் அப்னாவைக் கட்டி ஒரு வருடமும் சொச்சமும் ஆகிறது. வயதில் சின்னவர்தான், ஆனால் மாப்பிள்ளை அல்லவா, நாமும் அவர் என்றே சொல்லுவோம்.

இந்தப் பக்கத்து வழக்கம் இப்படி: கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். வீடு பெண்ணுக்கு. பெற்றவர்கள் பின்பக்கம் ஒதுங்கிக்கொள்வார்கள். நபீஸாவும் புருஷன் அபுல் ஹஸனும் பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு, பின்னால் தகரம் போட்ட அடுப்படிக் குசினிக்குப் போனார்கள். அதில் அவளுக்கு ஒரு துளி மனக்குறையும் கிடையாது. அப்னா பிறந்த வருடம் அத்திவாரம் வெட்டி, கல்லுக் கல்லாகக் கட்டி எழுப்பிய வீடு. அதைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிய அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. மாமி மருமகனின் முன்னால் வர மாட்டாள், நேரே கதைக்கவும் மாட்டாள். மண்டபத்துக்கும் குசினிக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள். பஸாலின் முகத்தை நபீஸா ஆற அமரப் பார்த்தது கலியாண வீடியோவில்தான்.

அப்னா வீட்டில் இருந்தவரைக்கும் ஒரு கரைச்சலும் இல்லை. "மகள், மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணி வேணுமாண்டு கேளு" என்று இங்கிருந்து சொன்னால் பதில் அங்கிருந்து வரும். ஆவணியில் அப்னாவுக்கு வவுனியாவில் ஆசிரிய நியமனம் கிடைத்தது. இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் வந்துபோனாள். அபுல் ஹஸனோ பகல் முழுக்க வயலில், பொழுதுபட்டால் பள்ளிவாசலில். அவரிடம் சொல்லி அனுப்பினாலும் பாதியை மறந்து மீதியை மாற்றிச் சொல்லுவார். கடைசியில் நபீஸா வீட்டுப் பூனையைப் பிடித்துக்கொண்டாள். "பூனை, தேத்தண்ணி மேசையில இரிக்கி." "பூனை, இண்டைக்கு மாமா வரச் சுணங்கும், சோத்தத் தின்னட்டாம்." திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செருமல் வரும். காரியம் நடந்துவிடும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த சீவியத்தில்தான் மாப்பிள்ளையின் சேட்டுகள், உடுக்கிற சட்டைகள்தான், குறையத் தொடங்கின.

பஸால் வெள்ளிக்கிழமை காலையில் தன் சேட்டுகளைத் தானே துவைத்துக் கொடியில் போடுவார். எப்போதும் எட்டுச் சேட்டு. ஐப்பசியில் ஒரு வெள்ளி பார்த்தாள், ஆறு. அடுத்த வெள்ளி ஐந்து. வியாழக்கிழமைகளில் உம்மா வீட்டுக்குப் போகிறவர் ஒவ்வொன்றாக அங்கே கொண்டுபோய் வைக்கிறார் என்று விளங்க அவளுக்குக் கொஞ்சம் நாள் எடுத்தது. கடைசியாக வியாழன் போனவர் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்தான் திரும்பினார். அதற்குள் அடுத்த வளவு முஸ்பிறா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னகா, மாப்பிள்ளை இப்ப உம்மா வீட்டோடயா?" என்று கேட்டுவிட்டாள். அவருடைய உம்மாவுக்குக் காய்ச்சல் என்று நபீஸா வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னாள். பிறகு அந்தப் பொய்க்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தௌபாவும் செய்தாள்.

இப்போது கொடியில் மூன்று சேட்டு. அந்த மூன்றும் போனால் மாப்பிள்ளையும் போனார் என்றுதான் அர்த்தம். நினைக்கும்போதே அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தான் என்ன பிழை விட்டோம், கறியில் உப்புக் கூடிவிட்டதா, பூனையிடம் சொன்ன பேச்சில் ஏதும் குத்திவிட்டதா என்று யோசித்து யோசித்து இளைத்துப்போனாள். நேரே கேட்கவும் முடியாது.

"நானும் கேட்டுப் பாத்திட்டன் உம்மா. ஒண்டுமில்லயாம்" என்றாள் அப்னா, லீவில் வந்திருந்தபோது. "நேர கேட்டா அவர் வாயத் துறக்க மாட்டார். கேமுக்குள்ள எண்டா நல்லாக் கதைப்பார். அங்க அவருக்குப் பேரு கரைவலை. முன்பின் தெரியாத ஆக்களுக்கெல்லாம் உதவி செஞ்சிக்கிட்டுத் திரியிறார்."

"அதுக்கு நான் என்ன செய்யிற?"

"நீங்க போங்க. புது ஆள் மாதிரிப் போய்ப் பழகி மெதுவாக் கேளுங்க. எனக்கு அங்க குவாட்டஸ்ல சிக்னலும் இல்ல."

"காசு?"

"ஒரு சதம் வேணாம். சும்மா தாறாங்க."

"சும்மா ஆருடி தாற?"

"வைரக்கல்லு வேணுமா, தங்க வாளு வேணுமாண்டு இடைக்கிடை கேப்பாங்க. மூலையில இரிக்கிற பெருக்கல் அடையாளத்த அமத்துங்க, போயிரும்."

நபீஸா ஒரு நாள் முழுக்க மறுத்தாள். வெட்கம் கெட்ட வேலை, ஊர் அறிந்தால் காறித் துப்பும் என்றாள். பிறகு வெளியே போய்க் கொடியைப் பார்த்தாள். திரும்பி வந்து போனை மகளிடம் நீட்டினாள்.

முதலில் ஆளைத் தெரிவு செய்ய வேண்டும். வாள்காரி, வில்காரி, மந்திரக்காரி என்று வரிசையாக வந்த பெண்பிள்ளைகள் உடுத்தியிருந்ததைப் பார்த்து நபீஸா கண்ணைப் பொத்திக்கொண்டாள். கடைசியாக வந்தவள் மட்டும் தலையிலிருந்து கால்வரை மூடி, கையில் ஒரு மருந்துக் குடுவையோடு நின்றாள். வைத்தியக்காரி. "இவ பறவாயில்ல" என்றாள் நபீஸா. பெயர் கேட்டது. சொந்தப் பெயரைக் கொடுக்க முடியாது. மருந்துக்காரி என்றபடியால் கொத்தமல்லி என்று வைத்தாள். அந்தப் பெயரை உலகத்தில் வேறு யாரும் எடுத்திருக்கவில்லை.

அப்புறம்தான் அந்தப் பன்றி விவகாரம். அப்னா வவுனியாவுக்குப் பஸ் ஏறிவிட்டாள், கேட்டுப் பார்க்க ஆளும் இல்லை. பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டு, அடுப்பில் உலையை வைத்துவிட்டு, பலகைக்கட்டையில் குந்தியிருந்து பச்சிலை பறித்தாள். மூன்று நாள் விடாமல் வந்ததற்குப் பரிசு என்று நான்காம் நாள் ஒரு வெள்ளை ஆட்டைக் கொடுத்தார்கள். அது அவள் பின்னாலேயே வரும். அவள் எதை எழுதினாலும் "மே" என்று கத்தும். சத்தத்தைக் குறைக்க நபீஸாவுக்குத் தெரியாது, குறைக்க மனமும் இல்லை. உண்மையான ஆடு மாதிரியே கத்துகிறதே என்று அவளுக்கு ஒரே சந்தோசம்.

ஐந்தாம் நாள் பின்னேரம் கிணற்றடிக்கு ஒரு நெட்டையான வாள்காரன் வந்து நின்றான். தலைக்கு மேலே கரைவலை என்று எழுதியிருந்தது. நபீஸா அவசர அவசரமாகத் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள், குசினிக்குள் தனியே இருந்துகொண்டுதான்.

"புதுசா? ஏன் இன்னும் ரெண்டாம் லெவல்ல நிக்கிறீங்க? பண்டி மிஷன் செய்யல்லயா?" என்று எழுத்து வந்தது.

பதில் எழுதப் போனாள். விரல் வரவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் கதிரையில் இருக்கிற மருமகனிடம் "நீங்க" என்று எப்படி நேரே எழுதுவது? பக்கத்தில் ஆடு புல்லைச் சப்பிக்கொண்டு நின்றது. நபீஸா அதைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்:

"ஆடு, பண்டியத் தொட ஏலாதெண்டு அவர்ட்டச் செல்லு."

ஆடு கத்தியது. கரைவலை நின்ற இடத்தில் அசையாமல் நின்றார். நிற்கிறார், நிற்கிறார், நிற்கிறார். சிக்னல் போய்விட்டதோ என்று இவள் நினைக்கிற நேரத்தில் பதில் வந்தது.

"ஆடு, இறைச்சிய எடுக்கத் தேவையில்லயெண்டு செல்லு. பச்சிலைய மருந்தாக்கி வித்தும் லெவல் ஏறலாம். நான் காட்டித் தாறனெண்டும் செல்லு."

நபீஸாவுக்கு மனம் குளிர்ந்துபோனது. பார்த்தீர்களா, அந்நியப் பெண்ணோடு நேரே கதைக்காமல் ஆட்டோடு கதைக்கிறார், எவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளை என்று தனக்குள் மெச்சிக்கொண்டாள்.

அடுத்த பதினைந்து நாளும் இப்படித்தான் போயின. கரைவலை காட்டுக்குள் முன்னால் போவார். வருகிற பன்றிகளை அவர் வெட்டுவார், இறைச்சியை இருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பின்னால் கொத்தமல்லி பச்சிலை பறிப்பாள், அவளுக்குப் பின்னால் ஆடு. அவருக்குக் காயம் பட்டால் தலைக்கு மேலே உள்ள சிவப்புக் கோடு குறையும், குடுவையைத் தொட்டு இவள் அதை ஏற்றிவிட வேண்டும். ஒருநாள் கிழட்டுப் பன்றி ஒன்று முட்ட வந்தபோது நபீஸா பதறிப்போய்க் குடுவைக்குப் பதிலாக வைரக்கல் கடையைத் திறந்துவிட்டாள். பெருக்கல் அடையாளத்தைத் தேடிப் பிடித்து மூடி வருவதற்குள் சிவப்புக் கோடு முழுதும் வடிந்து கரைவலை மௌத்தாகிக் கிடந்தார்.

"யா அல்லாஹ். ஆடு, அவருக்கு என்ன நடந்த?"

"ஆடு, பயப்பட வேணாமெண்டு செல்லு. இங்க மௌத்தானா கிணத்தடியில எழும்பலாம்."

எழும்பித்தான் வந்தார். ஆனாலும் நபீஸாவுக்கு நெஞ்சு அடங்கவில்லை. அன்றைக்குப் பஸாலின் சோற்றுக் கோப்பையில் ஒரு முட்டையைக் கூடுதலாகப் பொரித்து வைத்தாள்.

"எங்க போற? சண்டைக்கா?" என்று அபுல் ஹஸன் பகிடி பண்ணினார், ஒருநாள் மண்வெட்டியைச் சாத்திவிட்டு வந்தபோது. "உரம் எறிஞ்ச நெல்லு மாதிரி நல்லா வளந்து நிக்கிறா உன்ட கொத்தமல்லி, ஆறாம் லெவலாம்." நபீஸா அவரைச் சட்டை செய்யவில்லை.

கார்த்திகை மாரி இறங்கியது. ஒரு புதன்கிழமை மத்தியானத்திலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. நாளைக்கு வியாழன். அவர் உம்மா வீட்டுக்குப் போகிற நாள். பின் விறாந்தைக் கொடியில் அந்த மூன்று சேட்டுகளும் தொங்கின, மூன்றே என்றபடியால் இப்போது வாரத்தின் நடுவிலும் துவைக்க வேண்டியிருந்தது. நாளைக்கு அதில் இரண்டு போகுமா, மூன்றும் போகுமா? இன்றைக்குக் கேட்காவிட்டால் பிறகு கேட்டு என்ன பிரயோசனம்? தகரத்தில் ஒழுகுகிற இடத்துக்குக் கீழே ஒரு பேசினை வைத்துவிட்டு, நபீஸா போனை எடுத்துக்கொண்டு குந்தினாள்.

கரைவலை கிணற்றடியில் காத்து நின்றார்.

"ஆடு, அவருக்கு வீடு வாசல் எங்கயாமெண்டு கேளு."

"ரெண்டு வீடு இரிக்கி ஆடு. ஒண்டு உம்மாட. ஒண்டு பொண்டாட்டிர."

"எந்த வீட்டுல இரிக்க விருப்பமாம்?"

பேசினில் தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான் கேட்டது.

"கல்முனைக்குடியில வாடகைக்கு ஒரு வீடு பாத்திரிக்கன். வாற மாசம் போறதெண்டுதான் இரிக்கன்."

கட்டிய வீடு இங்கே கிடக்க, பிள்ளை வாடகை வீட்டிலா? வீட்டைக் கொடுக்கிற மாதிரிக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையைக் கலைத்துவிட்டார்கள் என்று ஊர் சொல்லாதா? முஸ்பிறா ஒருத்தி போதுமே, கல்முனைச் சந்தை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாள்.

"ஆடு, பொண்டாட்டிர வீட்டுல அவருக்கு என்ன குறையாம்?"

இம்முறை பதில் துண்டு துண்டாக வந்தது.

"எனக்கொரு குறையுமில்ல. சோறு நல்லம், கறி நல்லம்."

"எங்கட அறைக்குப் பக்கத்துல ஒரு அறை இரிக்கி. அதுல நெல்லு மூட்டை கட்டில்ல படுக்குது. மாமாவும் மாமியும் அடுப்படித் தரையில படுக்காங்க."

"தகரம் ஒழுகுது. மழை பெய்தா பாய அங்கயும் இங்கயும் இழுக்கிற சத்தம் எனக்குக் கேக்கும். கட்டில்ல படுத்துக்கிட்டு நான் அதக் கேட்டுக்கிட்டு இரிக்கணும். என்ட உம்மாவா இருந்தா உடுவனா? இத ஆரிட்டச் செல்லுற? புள்ளைட்டச் சொன்னா அவ வவுனியாவுல இருந்து அழுவா. நாங்க போயிட்டா அவங்க முன்னுக்கு வந்து படுப்பாங்கதானே."

நபீஸா அதை மூன்று தடவை வாசித்தாள். பாய் இழுக்கிற சத்தம் ஒருவருக்குக் கேட்கும் என்று அவள் நினைத்ததேயில்லை. சத்தம் வரக்கூடாது என்று இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கித்தான் வைப்பார்கள். அபுல் ஹஸனுக்கு முழங்கால் பிடித்துக்கொண்ட பிறகுதான் இழுக்கத் தொடங்கினார்கள். வெறுத்துப் போகிறார் என்று இத்தனை நாளும் நினைத்த பிள்ளை, இதற்காகவா போகப் பார்த்தது? கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆட்டையும் மறந்தாள், முக்காட்டையும் மறந்தாள். விரல் தன்பாட்டில் எழுதியது.

"மகன், அந்த வீடு உங்களுக்கும் புள்ளைக்கும் எண்டுதான் கட்டின. நாங்க எங்க படுத்தா என்ன. வீட்ட உட்டுட்டுப் போகாதீங்க மகன்."

அமத்திவிட்டாள். ஆடு "மே" என்று கத்தியது. அதற்குப் பிறகுதான் என்ன எழுதினோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

கண்ணாடிக்குள் கொத்தமல்லியும் கரைவலையும் எதிரும் புதிருமாக நின்றார்கள். பிறகு எழுத்து வந்தது.

"ஆடு, மாமிட்டச் செல்லு. அடுப்படியில நீ கத்துற சத்தமும் எனக்கு முதல் நாள்ளருந்தே கேக்குது."

நபீஸாவுக்கு வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. போனைக் கவிழ்த்து வைத்தாள். பதினைந்து நாள், பூனையிடம் கதைக்கிற அதே கதையை அச்சொட்டாக ஆட்டிடம் கதைத்திருக்கிறாளே, அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துகொண்டுதானே ஆட்டிடமே பதிலும் சொல்லியிருக்கிறார். போன் இன்னும் ஒருமுறை அதிர்ந்தது. எடுக்கப் பயமாக இருந்தது, எடுக்காமலும் இருக்க முடியவில்லை.

"ஆடு, மாமாவும் மாமியும் அந்த அறைக்கு வந்தா நான் எங்கயும் போகல்லயெண்டும் செல்லு."

அவள் எழுந்து அடுப்பை மூட்டினாள். தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் யோசித்தாள். மருமகன் படுக்கிற அறைக்குப் பக்கத்து அறையில் மாமி போய்ப் படுப்பதா? அவளுடைய உம்மா செய்யவில்லை, கூடப் பிறந்த ராத்தாமார் செய்யவில்லை. இந்தத் தெருவில் யாரும் செய்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை. பேசின் நிரம்பி வழிந்து, சுருட்டி வைத்த பாயின் ஓரம் நனைந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தூக்கி அம்மியின் மேல் வைத்தாள். அந்த அறைக்கு வரச் சொன்னபோது அவர் ஊருக்குப் பயப்படவில்லை. ஊருக்குப் பயந்து இங்கே கிடந்தது தாங்கள்தான் என்று அவளுக்கு அப்போது பட்டது.

இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றினாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரையடிக்குப் போய், வழக்கம் போலக் குரலை எடுத்தாள்.

"பூனை."

பூனை அவளுக்குப் பின்னால் அடுப்புச் சாம்பலில் சுருண்டு படுத்திருந்தது.

"பூனை இங்க இல்ல மாமி" என்றது திரைக்கு அந்தப் பக்கத்துக் குரல். நபீஸா அறிய அது முதல்முறையாக அவளிடமே பேசியது. "நீங்களே செல்லுங்க."

அவள் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மாமா வந்தாப்போல அந்த அறையில இரிக்கிற நெல்லு மூட்டைய வெளியால எடுக்கணும். அவருக்குத் தனிய ஏலாது, முழங்கால் நோவு." அவள் ஒரு மூச்சு விட்டாள். "ஒரு கை புடிப்பீங்களா மகன்?"

"ஓம் மாமி."

திரையின் ஓரம் விலகி ஒரு கை வந்து கோப்பையை வாங்கிக்கொண்டது. விரலில் படம் வரைகிற மையின் கறை இருந்தது.

"நாளைக்கு நான் வர கொஞ்சம் சுணங்கும் மாமி. உம்மா வீட்ட போய்ச் சேட்டெல்லாம் எடுத்துட்டு வரணும்."

"எத்தினை சேட்டு மகன்?"

"அஞ்சு மாமி."

ஐந்து என்பது அவளுக்கு முன்பே தெரியும். அவர் வாயால் கேட்க வேண்டும் போல இருந்தது, கேட்டாள்.